அழிக்கப்பட்ட நாடாக்களும் அபிமானிகளின் சிரத்தையும்

தொலைக்காட்சிப் பாத்திரம் ஒன்றின்மீது தீராத பிரியம் கொண்டு, அது வரும் தொடரை ஒரு பகுதி விடாமல் பார்த்து, அதில் நடிப்பவர், எழுதுபவர், இசை அமைப்பவர் ஆகியோரின் பெயர்களையெல்லாம் உறவினர் பெயர்களைப் போல நாவில் வைத்திருக்கும் மனிதரைப் பற்றி, கற்றறிந்தவர்கள் நெடுங்காலமாக இரண்டு அபிப்பிராயங்களையே மாறி மாறிச் சொல்லி வந்திருக்கிறார்கள். வேறு வேலையில்லாதவர் என்பது ஒன்று. நிழலை நிஜமென்று மயங்குகிறவர் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது அபிப்பிராயத்துக்குச் சாஸ்திர ரீதியான அந்தஸ்து கிடைத்தது 1956ஆம் ஆண்டில், டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்னும் இரண்டு அமெரிக்க அறிஞர்கள் மனநோய் மருத்துவம் சார்ந்த ஒரு சஞ்சிகையில் எழுதிய கட்டுரையினால்தான் என்று சொல்லலாம். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நாள் தவறாமல் தோன்றி, நேயரை நேருக்கு நேர் பார்ப்பவர் போலப் பேசும் மனிதர்களிடத்தில் நேயர்களுக்கு ஒருவகைத் தோழமை உண்டாகிறது என்றும், அந்தத் தோழமை ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே செல்வது, மறு பக்கத்திலிருந்து பதில் வராதது என்றும் அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். அவர்கள் அதை நோயென்று சொல்லிவிடவில்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சாதாரண சமூக வாழ்க்கைக்குத் துணையாக அது இருக்கும்வரை அதில் கேடில்லை என்றும், அந்த வாழ்க்கைக்குப் பதிலாக அது அமர்ந்துவிடும்போதே விபரீதம் என்றும்தான் அவர்கள் நிதானமாக எழுதினார்கள். பின்வந்தவர்களோ அந்த நிதானத்தை விட்டுவிட்டு, 'பதில் வராத தோழமை' என்ற பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

நடிகரென்ற மனிதரைப் பொறுத்தவரையில் அது மெய்யாகவே இருக்கட்டும். லட்சோபலட்சம் பேரில் ஒருவரான அபிமானியை அந்த நடிகர் அறியமாட்டார். அறிய வேண்டுமென்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று. ஆனால் அபிமானம் என்பது மனிதரோடு மட்டும் நிற்பதில்லை. அது படைப்பின்மீதும் படர்கிறது. படைப்புக்கும் அபிமானிக்கும் உள்ள உறவில் கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்ற கேள்வியை எழுப்பினால், விடை அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. படைத்த ஸ்தாபனமே வேண்டாமென்று எறிந்துவிட்ட ஒரு படைப்பை, அதனிடத்தில் எந்த உரிமையும் இல்லாத அபிமானிகள் காப்பாற்றி, பல ஆண்டுகளுக்குப் பின் அதே ஸ்தாபனத்தின் கையில் திருப்பிக் கொடுத்த வரலாறு ஒன்று இருக்கிறது. பிரிட்டிஷ் ஒலிபரப்பு ஸ்தாபனமாகிய பி.பி.சி.யின் 'டாக்டர் ஹூ' என்ற தொடரின் வரலாறு அது. அபிமானிகளைப் பற்றிப் பேசுகிற எவரும் இதை விரிவாக ஆராய வேண்டுமென்பது என் துணிபு.

அத்தொடரின் முதற்பகுதி 1963ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் தேதி, சனிக்கிழமை மாலை ஒளிபரப்பாயிற்று. அதற்கு முந்தைய நாளில்தான் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்; உலகமே அந்தச் செய்தியில் மூழ்கியிருந்தபடியால், அடுத்த சனிக்கிழமை இரண்டாம் பகுதிக்கு முன்னர் முதற்பகுதியை மறுபடியும் ஒளிபரப்ப நேர்ந்தது. காலத்தினூடே முன்னும் பின்னும் பிரயாணம் செய்யும் மர்மமான முதியவர் ஒருவர், வெளியே பார்த்தால் போலீஸாரின் நீலநிறத் தொலைபேசிக் கூண்டைப் போலவும் உள்ளே சென்றால் விசாலமான மண்டபமாகவும் தோன்றும் ஊர்தி ஒன்றில், தம் பேத்தியையும் இரண்டு பள்ளி ஆசிரியர்களையும் ஏற்றிக்கொண்டு போவதாகக் கதை தொடங்கியது. கனடாவிலிருந்து வந்து பி.பி.சி.யின் நாடகப் பிரிவுக்குத் தலைமை ஏற்றிருந்த சிட்னி நியூமன் என்பவரின் யோசனையில் பிறந்த இத்தொடருக்கு, அக்காலத்தில் அப்பிரிவில் தயாரிப்பாளராக இருந்த ஒரே பெண்மணியான வெரிட்டி லாம்பெர்ட் தயாரிப்பாளர். முதற் கதையை இயக்கியவர் நம் லக்னோவில் 1938இல் பிறந்து இளமையிலேயே இங்கிலாந்து சென்ற வாரிஸ் ஹுசைன். டாக்டர் என்னும் அந்த முதியவராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல்லின் உடல்நிலை தளர்ந்தபோது, டாக்டர் சாவதில்லை, வேறு உடலும் வேறு சுபாவமும் எடுத்துப் புதியவராக எழுகிறார் என்று கதையையே திருப்பி, 1966 அக்டோபர் 29இல் பாட்ரிக் ட்ரவுட்டனை அவருடைய இடத்தில் நிறுத்தினார்கள். நடிகர் மாறினாலும் பாத்திரம் மாயாதிருக்கச் செய்த அந்த யுக்தியினால்தான் இத்தொடர் தலைமுறைகளைக் கடந்து நிற்கிறது.

இவ்வளவு பிரசித்தமான தொடரின் 1960களைச் சேர்ந்த 253 பகுதிகளும் இன்று நமக்குக் கிடைத்திருக்க வேண்டுமல்லவா? கிடைக்கவில்லை. மேலே சொன்ன முதல் உருமாற்றம் நிகழும் பகுதியே முழுமையாக இல்லை. உருமாறும் கணங்கள் மட்டும், 1973இல் பி.பி.சி.யின் சிறுவர் நிகழ்ச்சி ஒன்றில் எடுத்துக் காட்டப்பட்டதன் காரணமாகத் தப்பின. அதையடுத்து வந்த ட்ரவுட்டனின் முதற் கதை ஆறு பகுதிகள் கொண்டது, ஆறும் இல்லை. வாரிஸ் ஹுசைன் பெரும்பகுதியை இயக்கிய 'மார்க்கோ போலோ' என்ற ஏழு பகுதிக் கதையில் ஒரு பகுதிகூட இல்லை. 2013ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்புக்குப் பிறகு எண்ணிப் பார்த்தபோதும், காணாமற்போன பகுதிகளின் தொகை 97ஆக இருந்தது.

இந்த நஷ்டத்துக்குத் தீயோ வெள்ளமோ காரணமில்லை. உத்தியோகபூர்வமான உத்தரவுகளே காரணம். நிகழ்ச்சிகள் பதிவான இரண்டங்குல அகல வீடியோ நாடா மிகுந்த விலை பெற்றது. ஒருமுறை பதிந்ததை அழித்துவிட்டு மறுபடியும் உபயோகிக்கக் கூடியது. நடிகர் சங்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களோ பழைய நிகழ்ச்சிகளைத் திரும்ப ஒளிபரப்புவதற்குக் கடுமையான வரம்புகளை விதித்திருந்தன. வர்ண ஒளிபரப்பு வந்த பின்னர், கறுப்பு வெள்ளை நாடகத்தை இனி யார் கேட்கப் போகிறார்கள் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. வீட்டிலேயே வாங்கி வைத்துப் பார்க்கும் வழக்கம் வரப்போகிறது என்று அப்போது அங்கே எவரும் கனவு காணவில்லை. ஆகவே 1967 முதல் நாடாக்கள் ஒவ்வொன்றாகத் துடைக்கப்பட்டன. வெளிநாடுகளுக்கு விற்பதற்காக 16 மில்லிமீட்டர் பிலிமில் எடுத்து வைத்திருந்த பிரதிகளையும், விற்பனை உரிமைக் காலம் முடிந்தது என்று விற்பனைப் பிரிவினர் 1970களில் குப்பையில் சேர்த்தார்கள். பிலிம் நூலகத்தார் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பிலிம்களைக் காப்பதோடு தம் கடமை தீர்ந்ததென்று இருந்தார்கள். நாடாவைத் துடைத்தவர்களோ பிலிம் பிரதி எங்கேனும் இருக்குமென்று நம்பினார்கள். பிலிமை எறிந்தவர்கள் மூல நாடா இருக்குமென்று நம்பினார்கள். ஒரு பெரிய ஸ்தாபனத்தில் ஒவ்வொருவரும் தத்தம் விதிப்படி நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு கலைச் செல்வம் எப்படிக் கண்ணெதிரே மறைந்து போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. அங்கே பணியாற்றியவர்கள் கலையை வெறுத்தவர்களல்லர். தொலைக்காட்சி நாடகத்தை அவர்கள் மேடை நாடகத்தைப் போல எண்ணினார்கள். திரை விழுந்தால் நாடகம் முடிந்தது, நாளைக்கு வேறு நாடகம், அவ்வளவுதான்.

அபிமானி மாறுபடுவது இந்த இடத்தில்தான். ஒருமுறை கண்டது போதுமென்று அவன் மனம் ஒப்புவதில்லை. மறுபடியும் காண வேண்டும், மறுபடியும் கேட்க வேண்டும் என்ற தாகமே அவனைப் பொதுவான பார்வையாளரிடமிருந்து பிரித்துக் காட்டும் லட்சணம். வீடியோ பதிவுக் கருவிகள் சாமானியர் வீட்டுக்கு வராத 1960களில் அந்தத் தாகம் கொண்ட இளைஞர்கள் என்ன செய்தார்கள் என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் பல ஊர்களில், ஒருவரையொருவர் அறியாத சில பையன்கள், சனிக்கிழமை மாலையில் வீட்டிலிருந்த ஒலிப்பதிவுக் கருவியைத் தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே இழுத்து வைத்து, ஒலிவாங்கியைப் பெட்டியின் ஒலிபெருக்கிக்கு நேரே நிறுத்தி, நிகழ்ச்சி முழுவதையும் ஒலியளவில் பதிந்துகொண்டார்கள். ஒலிவாங்கிக்கு நாடகத்தின் குரல் வேறு, வீட்டின் குரல் வேறு என்ற பேதம் கிடையாது. கதவு திறந்தால் அதுவும் பதியும், யாரேனும் இருமினால் அதுவும் பதியும். ஆகையால் இருபத்தைந்து நிமிஷம் வீட்டார் அனைவரும் வாய் மூடியிருக்க வேண்டும். இயந்திர நுட்பம் அறிந்த ஓர் இளைஞர் இந்தச் சங்கடத்தையும் தாண்டினார். தொலைக்காட்சிப் பெட்டியின் உள்ளிருந்தே கம்பியை இழுத்து ஒலிப்பதிவுக் கருவியோடு நேரே இணைத்து, அறையின் சப்தம் சிறிதும் கலவாத துல்லியமான பதிவுகளைச் செய்து வைத்தார். மின்சாரப் பெட்டியின் வயிற்றில் கைவிடுவது அபாயகரமான காரியம் என்பதை நினைத்தால், அவருடைய ஈடுபாட்டின் ஆழம் விளங்கும். இவர்களில் யாரும் பிற்கால ஆராய்ச்சியாளருக்கென்று இதைச் செய்யவில்லை. இரவில் படுக்கையில் கிடந்தபடி அந்தக் கதையை இன்னொரு தரம் கேட்க வேண்டும் என்பதற்காகவே செய்தார்கள். ஆயினும் அதன் பலன் என்னவென்றால், படம் அழிந்துபோன பகுதிகளில் ஒன்று விடாமல் எல்லாவற்றின் ஒலியும் இன்று நம்மிடம் இருக்கிறது. ஸ்தாபனத்தின் பெட்டகத்தில் இருந்த படம் போயிற்று. சிறுவர்களின் அலமாரியில் இருந்த ஒலி நின்றது.

படத்துக்கும் ஓரளவு சாட்சி கிடைத்திருக்கிறது. ஜான் கியூரா என்ற புகைப்படக்காரர், 1940களின் பிற்பகுதி முதல் 1960களின் பிற்பகுதி வரையில், தொலைக்காட்சித் திரையையே காமிராவினால் படமெடுத்து, ஒரு பகுதிக்கு அறுபது எழுபது என்ற கணக்கில் சின்னஞ்சிறு படங்களாக அச்சிட்டு, நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் விற்றுவந்தார். தம் வேலையைத் திரும்பப் பார்க்க வேறு வழியில்லாத கலைஞர்களுக்கு அவை ஞாபகச் சின்னங்களாயின. 'மார்க்கோ போலோ'வின் படவரிசை, தாம் இயக்கிய பகுதிகளுக்கு மட்டும், வாரிஸ் ஹுசைனின் சொந்தச் சேகரிப்பிலேயே இருந்தது பின்னாளில் தெரியவந்தது. அந்தச் சிறிய படங்களை வரிசையாக அடுக்கி, சிறுவர்கள் பதிந்த ஒலியை அவற்றோடு பொருத்தி, இழந்த பகுதிகளை ஒருவாறு மீட்டு உருவாக்கும் கைங்கரியத்தில் அபிமானிகளே இறங்கினார்கள். அவ்வாறு உருவாக்கியதை அவர்கள் விற்கவில்லை. வெற்று வீடியோ நாடாவையும் தபால் செலவையும் அனுப்புகிறவர்களுக்குப் பதிந்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்திரேலியாவில் கிடைத்த சான்று இதைவிட விசித்திரமானது. அந்நாட்டுத் தணிக்கை அதிகாரிகள், குழந்தைகள் பயப்படக்கூடும் என்று கருதிய காட்சிகளைப் பிலிமிலிருந்து கத்தரித்து எடுத்த பின்னரே ஒளிபரப்புக்கு அனுமதித்தார்கள்; கத்தரித்த துண்டுகளையோ அரசாங்க முறைப்படி கோப்பில் சேர்த்துப் பத்திரப்படுத்தினார்கள். 1996இல் இரண்டு ஆஸ்திரேலிய அபிமானிகள் அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடிப் புகுந்து அத்துண்டுகளைக் கண்டுபிடித்தார்கள். 1968இல் வந்த 'ஃப்யூரி ஃப்ரம் தி டீப்' என்ற கடற்பாசிப் பூதக் கதையின் ஆறு பகுதிகளில் ஒன்றுமே இல்லை. ஆனால், பழுது பார்க்க வந்தவர்கள் போல வேஷமிட்ட இருவர், ஒருவர் நெட்டையும் ஒருவர் குட்டையுமாக, ஒரு பெண்ணின் படுக்கையறை வாசலில் நின்று வாயை அகலத் திறந்து விஷவாயுவை ஊதும் பயங்கரக் காட்சி இருக்கிறது. குழந்தைகள் பார்க்கலாகாது என்று விலக்கப்பட்டதே எஞ்சி, பார்க்கலாம் என்று விடப்பட்டதெல்லாம் மறைந்தது. அந்தத் துண்டுகளுக்கு அரசாங்கம் பாதுகாப்பு மட்டுமே கொடுத்தது; இன்ன கதையில் இன்ன இடத்தில் வருவது இது என்று அடையாளம் கண்டு அவற்றுக்கு அர்த்தம் கொடுக்க, அந்தக் கதையை மனப்பாடமாக அறிந்த அபிமானிகள் வரவேண்டியிருந்தது.

மிஞ்சியதைத் தேடும் முயற்சி 1970களின் இறுதியில் தொடங்கியது. 1976இல் இங்கிலாந்தில் இத்தொடருக்கென்று ரசிகர் சங்கம் ஒன்று ஸ்தாபிக்கப்பட்டது. மறு ஆண்டில் லண்டன் பாட்டர்ஸீ பகுதியில் ஒரு தேவாலயக் கூடத்தில் அதன் முதல் மாநாடு கூடியது. 1978இல் இயன் லெவின் என்ற அபிமானி, இசைத்தட்டுத் துறையில் பெயர் பெற்றவர், பழைய பிரதிகளை விலைக்கு வாங்க முடியுமா என்று விசாரிக்கச் சென்றபோது, விற்பனைப் பிரிவின் கிடங்கில் முதல் தாலெக் கதையின் ஏழு பகுதிகளும் எறிவதற்காகக் கட்டி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். கோளத் தலையும் உலோக உடலுமாகச் சக்கரத்தில் ஊர்ந்து வந்து இங்கிலாந்துக் குழந்தைகளைச் சோபாவின் பின்னால் ஒளியச் செய்த தாலெக்குகள் முதன்முதலில் தோன்றிய கதை அது; தொடரையே நிலைநிறுத்திய கதை. அவர் தலையிட்டிராவிட்டால் அதுவும் போயிருக்கும். அதே காலத்தில் பி.பி.சி.யும் தன் நூலகத்துக்கு, எதைக் காப்பது என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்புள்ள அதிகாரியாக ஸூ மால்டன் என்பவரை நியமித்தது. அபிமானிகளின் பரபரப்பும் உள்ளிருந்த ஒரு நல்ல உத்தியோகஸ்தரின் பொறுப்பும் சேர்ந்ததனால்தான் அழிவு நின்றது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

அதன்பின் கிடைத்தவை கிடைத்த இடங்களை நினைத்தால் வியப்பாக இருக்கும். 1983இல் லண்டனில் ஒரு மார்மன் சபைக் கட்டடத்தின் நிலவறையிலிருந்து இரண்டு பகுதிகள் வெளிவந்தன. 1991இன் இறுதியில் ஹாங்காங் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றிலிருந்து 'தி டூம் ஆஃப் தி ஸைபர்மென்' என்ற கதையின் நான்கு பகுதிகளும் முழுதாகத் திரும்பி வந்தன. 2011இல் வெளிப்பட்ட இரண்டு பகுதிகள், ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் 1980களில் பழம்பொருளாக வாங்கி வைத்திருந்தவை. 2013 அக்டோபரில் எல்லாவற்றையும் மிஞ்சிய செய்தி வந்தது: பிலிப் மோரிஸ் என்ற ஆராய்ச்சியாளர், நைஜீரியாவின் ஜோஸ் நகரத்துத் தொலைக்காட்சி அஞ்சல் நிலையத்திலிருந்து, காணாமற்போனவற்றில் ஒன்பது பகுதிகளை மீட்டிருந்தார். இந்த மீட்பு குருட்டதிர்ஷ்டம் என்று நினைப்பது தவறு. செலவைக் குறைக்க, ஒரே பிலிம் பிரதியை ஒரு நாட்டில் ஒளிபரப்பியதும் அடுத்த நாட்டுக்கு அனுப்பும் வழக்கம் அந்நாளில் இருந்தது. எந்தப் பிரதி எங்கே போயிற்று, எங்கிருந்து திரும்பி வந்தது, எங்கே அழிக்கப்பட்டதாக எழுதி வைத்திருக்கிறது என்பதையெல்லாம் பழைய கடிதங்களிலிருந்தும் பேரேடுகளிலிருந்தும் அந்நாட்டுப் பத்திரிகைகளின் நிகழ்ச்சி நிரல்களிலிருந்தும் அபிமானிகள் பல்லாண்டு உழைத்துத் தொகுத்திருந்தார்கள். ஏட்டுச் சுவடிகளைப் பாடபேதம் பார்த்துப் பதிப்பிக்கும் பண்டிதரின் பிரயாசைக்கு இது எவ்விதத்திலும் குறைந்ததன்று.

வர்ணத்தை மீட்ட கதையும் இவ்விடத்தில் சொல்லத் தக்கது. 1970 முதல் வர்ணத்தில் தயாரான பகுதிகள் சிலவும் துடைக்கப்பட்டு, அவற்றின் கறுப்பு வெள்ளைப் பிலிம் பிரதிகளே மிஞ்சின. அமெரிக்காவில் ஒளிபரப்பானபோது ஓர் அபிமானி வீட்டுக் கருவியில் பதிந்து வைத்த வர்ண நாடாவின் மங்கிய படத்திலிருந்து நிறத்தையும், கறுப்பு வெள்ளைப் பிலிமிலிருந்து கூர்மையான உருவத்தையும் எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தி, 'தி டீமன்ஸ்' என்ற கதையை 1990களின் ஆரம்பத்தில் வர்ணத்துக்குக் கொண்டு வந்தார்கள். பிற்பாடு இன்னும் நுட்பமான உண்மை ஒன்று புலப்பட்டது. வர்ண ஒளிபரப்பைக் கறுப்பு வெள்ளைப் பிலிமில் எடுக்கும்போது, நிறத்தைச் சுமந்து வரும் சமிக்ஞையை வடிகட்டாமல் விட்டிருந்தால், அது மிக நுண்ணிய புள்ளிகளாகப் படத்தின்மேல் படிந்துவிடும்; பார்ப்பவருக்கு அது வெறும் குறை. அந்தப் புள்ளிகளைக் கணிப்பொறியினால் படித்தால், அந்த இடத்தில் இருந்த நிறம் இன்னது என்று அறியலாம். நாற்பதாண்டுக் காலம் அழுக்கென்று கருதப்பட்டதிலிருந்து நிறத்தைப் பிரித்தெடுத்தவர்களில் தொலைக்காட்சித் தொழில்நுட்பத்தில் தேர்ந்தவர்கள் பலர் உண்டு. அவர்களைக் கூட்டிச் சேர்த்த சக்தி சிறு வயதில் உண்டான அபிமானமே.

ஹென்றி ஜென்கின்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1992இல் தொலைக்காட்சி அபிமானிகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலில், அவர்களைப் பிறர் காட்டில் வேட்டையாடுகிறவர்கள் என்று வருணித்தார். பிரெஞ்சு அறிஞர் மிஷேல் த செர்த்தோவிடமிருந்து பெற்ற உருவகம் அது: படைப்பு உரிமையாளரின் காடு, அபிமானி அனுமதியின்றி நுழைந்து தனக்கு வேண்டியதைக் கவர்ந்துகொண்டு, அதிலிருந்து தனக்கென்று புதிய கதையும் சித்திரமும் பாட்டும் படைத்துக்கொள்கிறான். வாயைப் பிளந்து பார்த்துக் கொண்டிருப்பவன் என்ற இழிவிலிருந்து அபிமானியை விடுவித்து, அவனும் சிருஷ்டி செய்கிறவன் என்று நிலைநாட்டியதற்காக ஜென்கின்ஸுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆயினும் நான் இதுவரை விவரித்ததற்கு அந்த உருவகம் போதாது. இங்கே காட்டுக்கு உரியவரே காட்டைக் கொளுத்திவிட்டார்; அத்துமீறி நுழைந்தவன் முன்பு எடுத்துச் சென்ற விதையிலிருந்துதான் மறுபடியும் மரம் முளைத்தது. சட்டத்தின் கண்ணில் அந்த ஒலிப்பதிவுகளுக்கு அனுமதி ஏது? பின்னாளில் அவற்றைத் துலக்கி விற்பனைக்குக் கொண்டு வந்ததும், 2016இல் 'தி பவர் ஆஃப் தி தாலெக்ஸ்' என்ற ஆறு பகுதிக் கதைக்கு அவற்றையே ஆதாரமாகக் கொண்டு புதிதாகச் சித்திரப் படம் வரைந்து வெளியிட்டதும் பி.பி.சி.யேதான்.

அபிமானிகளின் நினைவு எப்போதும் நேர்மையான தராசு என்று நான் சொல்ல வரவில்லை. 'டூம் ஆஃப் தி ஸைபர்மென்' கதையை 1967இல் பார்த்தவர்கள் இருபத்தைந்தாண்டுக் காலம் அதை ஒப்பற்ற காவியமாகப் போற்றி வந்தார்கள். நேரில் திரும்பக் கிடைத்தபோது, நல்ல கதைதான், ஆனால் நாம் மனத்தில் கட்டியிருந்த கோபுரம் இதுவன்று என்று பலர் உணர்ந்தார்கள். இதற்கு நேர்மாறாக, 'தி எனிமி ஆஃப் தி வேர்ல்ட்' என்ற கதையில் அதுவரை ஒரு பகுதி மட்டுமே எஞ்சியிருந்தது. அந்த ஒன்றைப் பார்த்துவிட்டுச் சுமாரான கதை என்று முடிவு கட்டியிருந்தார்கள். நைஜீரியாவிலிருந்து மற்ற ஐந்தும் வந்து சேர்ந்த பிறகோ, நாயகனாகவும் வில்லனாகவும் இரட்டை வேடத்தில் ட்ரவுட்டன் காட்டிய சாமர்த்தியத்தைக் கண்டு, அதை அவருடைய சிறந்த கதைகளில் ஒன்றாக உயர்த்தினார்கள். மதிப்பீட்டை மாற்றிக்கொள்ள அவர்கள் தயங்கவில்லை என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். கண்மூடிய பக்தி ஆதாரத்தைத் தேடிப் போகாது. இவர்களோ தங்கள் நம்பிக்கையைப் பொய்யாக்கக் கூடிய ஆதாரத்தையும் ஆர்வத்தோடு தேடினார்கள்.

அபிமானம் உடைமை உணர்ச்சியாகத் திரியும் விபரீதமும் உண்டு. 2017 ஜூலையில் ஜோடி விட்டேக்கர் என்ற பெண்மணி அடுத்த டாக்டராக நடிப்பார் என்று அறிவிக்கப்பட்டபோது, தங்களுக்கு உரிமையான பாத்திரத்தை யாரோ பறித்துவிட்டதைப் போலச் சிலர் கொதித்தெழுந்து பேசிய பேச்சு வருந்தத் தக்கது. தொடக்கக் காலத்தில் ஒரு பெண் தயாரித்து, இந்தியாவில் பிறந்த ஓர் இளைஞர் இயக்கி, டீலியா டெர்பிஷயர் என்ற பெண்மணியின் கையில் உருப்பெற்ற அபூர்வமான மின்னியல் இசையோடு தொடங்கிய தொடர் இது என்பதைத் தொடரின் சரித்திரத்தைக் கரைத்துக் குடித்தவர்களே மறந்தார்கள். உருமாறுவதையே உயிராகக் கொண்ட பாத்திரத்திடம் மாறாமல் இரு என்று கேட்பது அபிமானத்தின் அழகாகாது.

1989 டிசம்பர் 6ஆம் தேதியோடு ஒளிபரப்பு நின்றுபோன இத்தொடர், 1996இல் ஒரே ஒரு தொலைக்காட்சிப் படமாகத் தலைகாட்டியது தவிர, 2005 மார்ச் வரையில் திரையில் இல்லை. அந்த இடைக்காலத்தில் கதையை நாவல்களாகவும், 1999 முதல் ஒலி நாடகங்களாகவும் அபிமானிகளே உயிரோடு வைத்திருந்தார்கள். 2005இல் புனருத்தாரணம் செய்த ரஸ்ஸல் டி. டேவிஸும், பின்னர் டாக்டராக நடித்த டேவிட் டென்னன்டும் பீட்டர் கபால்டியும் சிறு வயதிலிருந்தே இத்தொடரில் தோய்ந்தவர்கள். பதினைந்து வயதில் கபால்டி இத்தொடரைப் பாராட்டி எழுதிய கடிதம் 1974இல் 'ரேடியோ டைம்ஸ்' பத்திரிகையில் அச்சாகியிருக்கிறது.

இதையெல்லாம் பழங்கதையென்று ஒதுக்க முடியாதபடி ஒரு காரியம் நம் காலத்தில் நடந்து வருகிறது. இணையத்தின் வழியே மட்டும் காணக்கூடிய தொடர்களுக்கு இன்று நாடாவும் இல்லை, பிலிமும் இல்லை, பார்ப்பவர் வீட்டில் பிரதியும் இல்லை. நிறுவனத்தின் கணிப்பொறியில் இருக்கும்வரை உண்டு, எடுத்துவிட்டால் இல்லை. 'வில்லோ' என்ற தொடர் 2022 நவம்பர் இறுதியில் டிஸ்னி பிளஸ் தளத்தில் தொடங்கி 2023 ஜனவரியில் நிறைவுற்றது. அதே ஆண்டு மே மாதத்தில் அந்தத் தளத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. ஹெச்.பி.ஓ. மேக்ஸ் தளத்திலிருந்து 2022 ஆகஸ்டில் நீக்கப்பட்டவற்றுள் 'இன்ஃபினிட்டி டிரெய்ன்' என்ற அருமையான சித்திரத் தொடரும் ஒன்று. காரணம் அன்றைய காரணத்தின் மறுபிறப்பே: அன்று நாடாவின் விலை, இன்று வரவு செலவுக் கணக்கு. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அன்றைய சிறுவன் ஒலிவாங்கியைப் பெட்டியின் எதிரே வைத்தால் அவனைத் தடுக்க எவரும் இல்லை. இன்றைய அபிமானியோ, தன் கண்ணெதிரே ஓடும் காட்சியைத் தனக்கென்று பதிந்துகொள்ள முயன்றால், பூட்டிய குறியீடும் அந்தப் பூட்டை உடைப்பதையே குற்றமாக்கும் சட்டமும் குறுக்கே நிற்கின்றன. அமெரிக்காவில் 1998இல் இயற்றப்பட்ட அத்தகைய சட்டம் அமுலில் இருக்கிறது.

ஆகையால், வெளியான தொடர் ஒவ்வொன்றின் பிரதியையும் ஒரு பொது நூலகத்தில் ஒப்படைக்க வேண்டுமென்ற கடமை, புத்தகங்களுக்கு இருப்பது போலவே, இணையத் தொடர்களுக்கும் விதிக்கப்பட வேண்டும். அந்த ஏற்பாடு நடைமுறைக்கு வரும்வரையில், தளத்திலிருந்து நீக்கப்பட்ட தொடரின் பிரதியை லாபநோக்கமின்றி வைத்திருக்கும் அபிமானியைத் திருடனென்று நடத்தாதிருக்க வேண்டும். நாடாக்களைத் துடைத்த காலத்தில் பி.பி.சி.யில் இருந்தவர்களுக்கு, எதிர்காலத்தில் அவை வேண்டியிருக்கும் என்று தெரியாது என்ற சமாதானமாவது உண்டு. இன்று நீக்க உத்தரவிடுகிறவர்களுக்கு அந்தச் சமாதானமும் கிடையாது. 'மார்க்கோ போலோ'வின் ஏழு பகுதிகளுக்கு என்ன நேர்ந்தது என்பது அவர்கள் அறிந்த செய்தி.